இளநீர்ப் பச்சை எஞ்சின்

ஆதி மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததும், அவன் பேரன்மார் சக்கரத்தைக் கண்டுபிடித்ததும், வெள்ளைக்காரன் இரண்டையும் சேர்த்து ரயில் விட்டதும் எதற்காக என்ற கேள்விக்கு அறிஞர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டி என்ற ஊரில் இருந்தது. தென்னந்தோப்புக்கு நடுவே, மோட்டார் ரூமை ஒட்டிய தகரச் சாய்ப்பின் கீழ், ஒன்றரை முழ நீளத்தில் அது உருவாகிக்கொண்டிருந்தது.

உருவாக்கியவர் நாச்சிமுத்து. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் காலையில் நடப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், கைப்பேசியில் வந்த வைத்தியக் குறிப்பை ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். நாச்சிமுத்து அப்படி வீணாகிப் போகவில்லை. அவர் "எல்லையோர நீராவி எஞ்சின் கட்டுநர் பேரவை"யில் சேர்ந்தார். நிஜமான தண்ணீரைக் கொதிக்க வைத்து, நிஜமான ஆவியில், நிஜமாகவே எங்கும் போகாமல் வட்டமடிக்கும் குட்டி எஞ்சின்களைக் கட்டும் பெரியவர்களின் அமைப்பு அது. பாலக்காட்டுக் கிழக்கிலும் இடுக்கி மலையிலுமாக அதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைவர் சுவக்கீன், தேயிலை பேக்டரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்று காந்தலூரில் வீடு கட்டிக் குடியேறியவர். பாய்லர் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமாகியிருந்தபடியால், தலைமைப் பதவிக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை.

பேரவையில் சாதி கிடையாது. இரண்டு வகுப்புகள் மட்டும் உண்டு. சக்கரமும் சட்டமும் துளை போட்டுத் தயாராக வரும் பெட்டியை வாங்கி, திருகாணி முடுக்கி எஞ்சின் செய்பவர் "பெட்டிக்காரர்". எல்லாவற்றையும் தானே வெட்டி, வளைத்து, அராவிச் செய்பவர் "முழுக் கட்டுநர்". மாவு பாக்கெட் வாங்கி இட்லி சுடுபவளை மாமியார் பார்ப்பதுபோலத்தான் முழுக் கட்டுநர் பெட்டிக்காரரைப் பார்ப்பார். கூட்டத்தில் பெட்டிக்காரருக்குப் பின்வரிசை. பிஸ்கட் தட்டு அங்கே வந்து சேர்வதற்குள் தட்டு மட்டும்தான் மிஞ்சும்.

நாச்சிமுத்து பெட்டிக்காரர். ஆனால் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கப்பலில் வந்த அவருடைய பெட்டியில் பாய்லர் இல்லை. அழுத்தம் தாங்க வேண்டிய பொருளைத் தபாலில் அனுப்ப மாட்டார்களாம். எஞ்சினுக்கு உயிரே பாய்லர்தான் என்பது பேரவையின் கணக்கு என்பதால், பாய்லரையும் அதன் மேல் உட்கார்ந்து ஆவி சேர்க்கும் குமிழையும் தானே செய்துவிட்டால், அவர் ஒரே தாவலில் முழுக் கட்டுநர். பேரவையின் ஏழாம் விதி ஒன்றுதான் குறுக்கே நின்றது: "சுயவேலை என்பது கடைச்சரக்கு கலவாதது. உலோகம், பற்றாசு, வர்ணம் யாவும் கட்டுநரின் சொந்த வீட்டிலிருந்தே வர வேண்டும்."

இந்த விதியின் தத்துவத்தைச் சுவக்கீன் ஒரு கூட்டத்தில் விளக்கியிருக்கிறார்.

"கடையில வாங்கிட்டா அது கடக்காரன் எஞ்சின்லா? நம்ம வீட்டுச் சாமானா இருந்தாத்தாம்வே அதுல நம்ம உசுரு இருக்கும்."

நாச்சிமுத்து தன் சொந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் சம்பாதித்துப் போட்ட உலோகம் என்று பார்த்தால் துருப்பிடித்த மண்வெட்டி ஒன்றும், பம்புசெட்டின் பழைய குழாயும் இருந்தன. இரும்பு உதவாது, பாய்லருக்குச் செம்பு வேண்டும். செம்பு உள்வீட்டில் இருந்தது. அவர் மனைவி கமலாத்தாள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்து வந்தபோது கூடவே வந்த செப்புத் தவலை. தை மாதம் மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம். "மத்த பாத்திரமெல்லாங் கடையில எடுத்துக்கலாமுங்க. இது எங்கம்மா எனக்குக் குடுத்தது, நான் எம்புள்ளைக்குக் குடுக்கறது" என்று கமலாத்தாள் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

நாச்சிமுத்து யோசித்தார். வீடு தன்னுடையது. வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தன்னுடையது. தவலை வீட்டுக்குள் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான தர்க்கம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. கமலாத்தாள் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போன அன்று தவலை சாய்ப்புக்குக் குடிபெயர்ந்தது.

"ஏனுங்க, உள்ளூட்டுல இருந்த தவலயக் காணோமுங்க" என்றாள் அவள் திரும்பி வந்ததும்.

"ஈயம் பூசக் குடுத்திருக்கறன் புள்ள."

"நாஞ் சொல்லவே இல்லீங்களே?"

"நீ சொல்லோணுமா? கல்யாணத்துக்குப் போற சாமான். உள்ளயும் வெளியயும் பளபளன்னு இருக்க வேண்டாமா?"

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு பாத்திரத்தைப் பற்றி யோசித்துக் கமலாத்தாள் பார்த்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி அடித்தாள். நாச்சிமுத்து கால் எலும்பைக் கடித்தபடி, சுயவேலையில்தான் எத்தனை நன்மை இருக்கிறது என்று வியந்தார்.

அடுத்ததாகப் பித்தளைச் சொம்பு ஈயம் பூசப் போனது. அதைக் கவிழ்த்து வெட்டினால் அச்சு அசலாகக் குமிழ். செம்பையும் செம்பையும் பற்றவைக்க வெள்ளி கலந்த பற்றாசு வேண்டும் என்று தெரிந்தபோது, கமலாத்தாளின் பழைய கொலுசு போனது.

"கொலுசுக்குமுங்களா ஈயம் பூசுவாங்க?"

"அதுக்கு மெருகு. ரெண்டும் ஒரே ஆளுதான் பண்றான்."

"நல்ல ஆளாத்தான் இருப்பாரு போல. அவரு வந்தா ஒரு வாய் காப்பி குடுக்கோணுமுங்க" என்றாள் கமலாத்தாள். ஈயம் பூசுகிறவர் தினமும் மூன்று வேளை அவள் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் நாச்சிமுத்துவின் கைவேலையைக் குறை சொல்லக் கூடாது. தவலையை வெட்டிப் பிரித்து, தகட்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி இளக்கி, இரும்புக் குழாய் மேல் மரச்சுத்தியால் தட்டித் தட்டி உருட்டினார். கையில் கொப்புளம் போட்டது, உடைந்தது, மறுபடியும் போட்டது. பாய்லருக்குள் தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதித்த அன்று, ஒரு மூட்டில்கூடச் சொட்டுக் கசியவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று அடுக்களை வரை ஓடினார். கமலாத்தாள் நிமிர்ந்து, "என்னுங்க?" என்றாள். மோர் இருக்கிறதா என்று கேட்டுக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வர்ணம் பற்றிப் பேரவை பல அமர்வுகளாக விவாதித்தது. பச்சை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பச்சை என்பதில்தான் பேரவை பிளவுபடும் நிலைக்கு வந்தது. சுவக்கீன் தேயிலைப் பச்சை என்றார். ஏலத்தோட்டத்து வீரபாண்டி, ஏலக்காய்ப் பச்சை தவிர வேறு எதையும் அடித்தால் ராஜினாமா செய்வேன் என்றார். நாச்சிமுத்து பின்வரிசையிலிருந்து இளநீர்ப் பச்சைக்காகக் குரல் கொடுத்தார். கடைசியில் அவரவர் பச்சையை அவரவர் அடிப்பது என்று வரலாற்றுச் சிறப்புமிக்க சமரசம் ஏற்பட்டது. செம்பில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் முதல் பூச்சு அடித்து, சூடு தாங்கும் பெயிண்ட் பூசி, அதைச் சூட்டில் வாட்டி எடுக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த சிறு புத்தகம் சொன்னது. அதற்கெல்லாம் கடைக்குப் போக வேண்டும். ஏழாம் விதி அனுமதிக்காது. தோப்புக் கேட்டுக்கு அடித்த மிச்சம் டப்பாவில் இருந்தது. அதுவே இளநீர்ப் பச்சை.

பேரவையின் ஆண்டு ஓட்டம் காந்தலூரில் என்று முடிவாயிற்று. கமலாத்தாள், தானும் வருவேன் என்றாள். கல்யாணச் சமையலுக்குக் காந்தலூர்ப் பூண்டு வாங்க வேண்டுமாம். பூண்டுக்கு எதிராகச் சொல்ல நாச்சிமுத்துவுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மலை ஏறும் வழியில் இருந்த கேரளக் கலால் சோதனைச் சாவடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். அதிகாரி எஞ்சினை மூடியிருந்த சாக்கை விலக்கினார். குமிழைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார், பாய்லரின் அடியில் பச்சை படாத செம்பைப் பார்த்தார். எரிபொருள் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.

"ஸ்பிரிட்!" என்றார். "செம்பு டேங்க், பைப்பு, ஸ்பிரிட். இது வாற்று செட் அல்லே? சாராயம் எவ்விட காய்ச்சுந்நு?"

"சாராயமில்லீங்க சார். இது ரயிலுங்க."

"ரயிலோ? எங்கோட்டு?"

"எங்கயும் போவாதுங்க. நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி வருமுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். அப்போது ஜீப்பின் முன்சீட்டிலிருந்து கமலாத்தாள் தலையை நீட்டினாள்.

"சாருங்க, இவரு சாராயங் காய்ச்சற ஆளா இருந்திருந்தா ஊட்டுக்கு நாலு காசாச்சும் வந்திருக்குமுங்க. இது அதுகூட இல்லீங்க."

அந்தக் குரலில் இருந்த சத்தியத்துக்கு மேல் அரசாங்கத்துக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அதிகாரி நாச்சிமுத்துவை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கம்பத்தைத் தூக்கச் சொன்னார். போகும்போது பாய்லரின் அடியை விரலால் சுண்டி, "நல்ல பழைய செம்பு" என்றார். மலை ஏறி முடிகிற வரை நாச்சிமுத்துவுக்குக் குளிரிலும் வியர்த்துக்கொண்டிருந்தது.

காந்தலூர் மண்டபத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். மேடை, மைக், பேனர் எல்லாம் இருந்தன. பின்கட்டில் "மகளிர் உபசரிப்புக் குழு" இயங்கியது. அதாவது, எஞ்சின் கட்டுநர்களின் மனைவிமார் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழுவுக்குத் தேர்தல் கிடையாது, பதவிக்காலம் கிடையாது, ராஜினாமா செய்யவும் முடியாது. கமலாத்தாள் பூண்டு மூட்டையை ஓரம் வைத்த மறு நிமிடம் அவள் கையில் வெங்காயமும் கத்தியும் இருந்தன. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் தலைவரின் மனைவி புஷ்பமேரி.

இளநீர்ப் பச்சை எஞ்சின் தண்டவாளத்தில் ஏறியது. அடுப்பு பற்றியது. அழுத்தமானியின் முள் நகர்ந்தது. நாச்சிமுத்து கைப்பிடியைத் திருப்ப, எஞ்சின் தும்மி, தயங்கி, பிறகு மெல்ல நகர்ந்து வட்டமடிக்க ஆரம்பித்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. உண்மையிலேயே அழகாகத்தான் ஓடியது.

சுவக்கீன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த எஞ்சின்ல இருக்க செம்பு, பித்தள, வெள்ளி அம்புட்டும் நம்ம நாச்சிமுத்து அண்ணாச்சிக்குச் சொந்தம். வேற ஒருத்தருக்கு அதுல பங்கு கெடையாது. இன்னையிலேர்ந்து அண்ணாச்சி முழுக் கட்டுநர்! அவிய வீட்டம்மாவும் வந்திருக்காவ. முன்னால வாங்கம்மா, ஒரு போட்டோ எடுக்கணும்."

கமலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அந்த நேரம் பார்த்து இளநீர்ப் பச்சை பொங்கியது. எண்ணெயில் போட்ட அப்பளம்போல அங்கங்கே கொப்பளித்து, உரிந்து, தண்டவாளத்தில் உதிர்ந்தது. பாய்லரின் வயிற்றில் நாச்சிமுத்து பட்டி பார்த்து மூடிய ஒரு நீளப் பட்டை அப்படியே கழன்று விழுந்தது. அதன் அடியில் சிவந்த செம்பில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது: பொ. கமலாத்தாள்.

அதை அராவி எடுத்துவிட அவருக்குத் தெரியாமல் இல்லை. அராவினால் தகடு மெலியும், மெலிந்தால் பாய்லர் வெடிக்கும். பாதுகாப்பு விஷயத்தில் நாச்சிமுத்து சமரசம் செய்துகொள்ளாதவர்.

கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் கூவினாள். "ஐயோ, சம்சாரம் பேரு! சூடானாத்தான் தெரியற மாதிரி எழுதி வச்சிருக்காரு!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. இப்படியும் ஒரு புருஷனா என்று பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். சுவக்கீன் கரகரத்த குரலில், உலகத்தில் பொண்டாட்டிக்காகக் கல்லில் கட்டியவன் உண்டு, ஓடும் எஞ்சினாகவே கட்டியவன் இவன்தான் என்றார். நாச்சிமுத்து என்ன செய்தார்? கைகூப்பினார். தலையை லேசாகச் சாய்த்து, அடக்கமாகச் சிரிக்கவும் செய்தார். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்றே நினைத்தார். அதற்குள் யாரோ மைக்கைக் கமலாத்தாளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"பேரு இவரு வெட்டுனதில்லீங்க" என்றாள் கமலாத்தாள். மைக் பழக்கமில்லாததால் குரல் மண்டபத்துக்கு வெளியிலும் கேட்டது. "எங்கய்யன் வெட்டிக் குடுத்ததுங்க. அந்தப் 'பொ' எங்கய்யன் பொன்னுச்சாமி. இது என்ற தவலைங்க. ஈயம் பூசப் போயிருக்குதுன்னு சொன்னாருங்க. நானும் ஈயம் பூசறவரு வருவாரு வருவாருன்னு பாத்துட்டே இருந்தனுங்க."

கைதட்டல் ஓர் ஓரத்திலிருந்து ஓய்ந்துகொண்டே வந்தது. அவள் கணவனின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்க. எம்புள்ளைகிட்ட நானே சொல்லியிருப்பன், உங்கப்பாவுக்கு ஆசைடீன்னு. கொலுசையுங் கழட்டிக் குடுத்திருப்பன். ஒரு வார்த்த கேக்கோணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

நாச்சிமுத்துவுக்குப் பார்க்க வேறு இடம் தெரியவில்லை. அழுத்தமானியைப் பார்த்தார். அது சரியாக இருந்தது.

புஷ்பமேரி டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தாள். தலைவரின் தேயிலைப் பச்சை எஞ்சின் மேடையில் சிவப்புத் துணி மேல் வீற்றிருந்தது. அவள் நேராக அதனிடம் போனாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பாய்லரின் பச்சையைச் சுரண்டினாள். ஒரு சின்னச் சிலுவை தெரிந்தது. பிறகு "பு" தெரிந்தது. அதற்கு மேல் சுரண்டத் தேவையிருக்கவில்லை.

"எஞ் செம்புப் போணியக் கோயிலுக்குக் காணிக்கையாக் குடுத்துட்டேம்னு சொன்னீயளே!"

"மேரி, மைக்கு ஆன்ல இருக்கு."

"இருக்கட்டும்! காணிக்க குடுத்த குடும்பம்னு நெனச்சு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் முன்வரிசைல போயி உக்காந்தேனே! ஃபாதர் என்ன நெனச்சிருப்பாரு?"

"இதுவும் ஒரு கோயில் மாரித்தாம்ட்டீ" என்றார் சுவக்கீன் பலவீனமாக.

அப்புறம் கொண்டை ஊசிகளுக்கு வேலை வந்தது. ஏலக்காய்ப் பச்சையின் அடியிலிருந்து வீரபாண்டியின் மனைவி சுருளியம்மாள் தன் பொங்கல் பானையை மீட்டாள். அதற்குச் சற்று முன்பே வீரபாண்டி அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனவர், வெகுநேரம் திரும்பவில்லை. மண்டபத்தில் இருந்த சுயவேலை எஞ்சின்களில் பெண்பெயர் இல்லாத எஞ்சின் ஒன்றுகூட இல்லை. பாய்லர் உட்பட முழுக்கக் கடைச்சரக்கால் செய்யப்பட்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராமல் நின்றது ஒரு பெட்டிக்காரரின் எஞ்சின் மட்டும்தான். அவர் பின்வரிசையில் உட்கார்ந்து முதல்முறையாகப் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கமலாத்தாள் அடுப்பை அணைக்கச் சொன்னாள். சூடு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு எஞ்சினைத் தூக்கி, தண்ணீர்க் குடத்தை வைப்பதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் புஷ்பமேரி நடந்தாள், சுருளியம்மாள் நடந்தாள். தண்டவாளத்தில் ஓடியபோதுகூட அந்த எஞ்சின்கள் அவ்வளவு தூரம் போனதில்லை.

இறங்கும் வழியில் அதே அதிகாரி ஜீப்பை நிறுத்தினார். எஞ்சின் இப்போது சாக்கில் இல்லை, கமலாத்தாளின் மடியில் இருந்தது.

"எஞ்சின் ஆருடேயா?"

"என்றதுங்க" என்றாள் கமலாத்தாள்.

அவர் குனிந்து எழுத்தைக் கூட்டிப் படித்தார். கம்பத்தைத் தானே தூக்கினார்.

தை மாதம் மோனிஷாவின் கல்யாணத்தில், சீர் வரிசையில் எவர்சில்வர் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே, மஞ்சள் குங்குமம் வைத்து அந்த எஞ்சின் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இது என்ன என்று கேட்டபோது, "தவலைங்க" என்றாள் கமலாத்தாள். அவர்கள் அதற்கு மேல் கேட்கப் பயந்தார்கள். மோனிஷா மட்டும் மணக்கோலத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல தண்ணி எப்படீப்பா மோந்துக்கறது?" என்று கேட்டாள். நாச்சிமுத்து பந்தி விசாரிக்கப் போய்விட்டார்.

இதனால் பேரவை செயலிழந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பிரச்சினையைக் கண்டு ஒளிகிறவர்கள் அல்லர் அவர்கள். காந்தலூரில் நேர்ந்த அவமானத்தை அவசரப் பொதுக்குழு கூட்டி, ஒளிவுமறைவின்றி, மனசாட்சியைத் தொட்டு ஆராய்ந்தார்கள். உபசரிப்புக் குழு வர மறுத்துவிட்டதால் டீகூட இல்லாமல் மாலை வரை ஆராய்ந்தார்கள். தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஏழாம் விதி ஒருமனதாகத் திருத்தப்பட்டது. செம்பு, பித்தளை, வெள்ளி ஆகியவை வழக்கம்போல் கட்டுநரின் சொந்த வீட்டிலிருந்தே வர வேண்டும். பெயிண்ட் மட்டும் இனிக் கடையில் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். முன்மொழிந்தவர் தலைவர் சுவக்கீன். வழிமொழிந்தவர் முழுக் கட்டுநர் நாச்சிமுத்து.